கோழி வழியாகப் பதில் சொன்ன முப்பத்தேழாம் எண்

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ்ஸில் நடுவழியில் இறங்கி, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் நடந்தால் புளியங்கொட்டாய் வரும். அந்த ஊரில் 'எம்பிஏ' என்று கூப்பிட்டால் ஒரே ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள். பேர் ஜெயசுதா, வயசு முப்பத்தாறு. தனியார் கம்பெனி ஒன்றின் பால் கொள்முதல் நிலையத்தில் பால் அளக்கிற வேலை. அவள் எம்பிஏ முடிக்கவில்லை. முடிக்காததால்தான் அந்தப் பேர் நிலைத்தது. முடித்திருந்தால் ஊர் எப்போதோ மறந்துபோயிருக்கும்.

அஞ்சல் வழியில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாடு கறக்கிற நேரத்துக்கும் பிள்ளைகளுடைய வீட்டுப்பாட நேரத்துக்கும் நடுவே கிடைத்த சந்துபொந்துகளில் உட்கார்ந்து எல்லாத் தாளையும் படித்துத் தாண்டிவிட்டாள். முட்டுக்கட்டை போட்டது ஒன்றே ஒன்று, ஆராய்ச்சி முறையியல். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கவிழ்ந்தாள். மாதிரி, அதாவது சாம்பிள், என்றால் என்ன, மாதிரி எடுக்கும் முறைகள் யாவை என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்திருந்தாள். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் கலைந்துபோகும். நாலாவது தடவைக்கு முந்தின வாரம், காலையில் பால் கேனில் கரண்டியை விட்டு நாலு சுற்று கலக்கி, சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்துக் கொழுப்புப் பார்க்கிற மெஷினில் வைக்கும்போது அவளுக்குச் சுரீர் என்றது. கலக்காமல் எடுத்தால் மேலாக மிதக்கிற ஆடைதான் வரும். கலக்கி எடுத்தால் கேன் முழுக்க என்ன இருக்கிறதோ அது வரும். இதைத்தானா இவ்வளவு நாள் நானூறு பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்கு ஆத்திரமே வந்தது. அந்தத் தடவை எழுபத்தொரு மார்க்.

தேறினாளே தவிர, அந்தப் பாடம் அவளை விடவில்லை. புருஷன் தனசேகரன் சாப்பிட்டுவிட்டு குழம்பு நல்லா இருக்குது என்றால், ஐந்துக்கு எத்தனை என்று கேட்பாள். அவர் மூணரை என்பார். அரைக்கு அனுமதி இல்லை, முழு எண்ணாகச் சொல்லுங்கள் என்பாள். அடுக்களையில் வெல்லம் குறைந்தால் பிள்ளைகளைத் திட்ட மாட்டாள். 'பிள்ளைகள் வெல்லத்தைத் தொடவில்லை' என்று ஒரு கருதுகோளை எழுதி வைத்துக்கொண்டு, அது பொய் என்று நிரூபிக்கப் பார்ப்பாள். திட்டியிருந்தாலே தேவலை என்று பெரிய மகள் சொன்னாள்.

இனி மிச்சம் இருந்தது ஆய்வேடு. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்து வாய்மொழித் தேர்வையும் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி. ஆறு வருஷமும் தண்ணீரில் போகும். அதோடு கம்பெனியில் ஏரியா சூப்பர்வைசர் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. பட்டம் வந்தால் அவளுக்கு, வராவிட்டால் திருநாவலூர்க்காரர் ஒருவருக்கு என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவளுக்கு வழிகாட்டி, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரிப் பேராசிரியர் செல்லமுத்து. தலைப்பை அவர்தான் கொடுத்தார். 'சலவைத்தூள் குறித்துக் கிராமப்புற நுகர்வோரின் மனநிறைவு.' பன்னிரண்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு எண். ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தி இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்ப அட்டை. அதில் அறுபதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். சீட்டில் வந்த பேரை மாற்றவே கூடாது என்பதில் செல்லமுத்து இரும்பாக இருந்தார். ஆள் வீட்டில் இல்லாவிட்டால் காத்திரு, வெளியூர் போயிருந்தால் பின்னாடியே போ, வசதியான ஆளாகப் பார்த்து நிரப்பினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

ஜெயசுதா எதையும் சட்டப்படி செய்கிறவள். குலுக்கல் ஒளிவுமறைவில்லாமல் இருக்கட்டும் என்று, காலையில் பால் ஊற்ற வந்த கூட்டத்துக்கு முன்னாலேயே, கழுவிக் காயவைத்த பால் கேனில் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டையும் போட்டு, கரண்டியால் நாலு சுற்று கலக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பேரை உரக்கப் படித்தாள். அவள் செய்த தவறு அதுதான். புளியங்கொட்டாயில் பேர் படிக்கிறார்கள் என்றால் ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வீடு, கறவை மாடு, தையல் மெஷின் எல்லாமே அப்படித்தான் வந்தன. ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், நான் கேள்விதான் கேட்பேன் என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். ஒன்றும் கொடுக்காததற்கு எவளாவது இத்தனை சீட்டு எழுதுவாளா என்று கூட்டம் திருப்பிக் கேட்டது.

பேர் வராதவர்கள் சும்மா இருக்கவில்லை. கிழக்குத் தெருவில் ஏழு பேர், மேற்குத் தெருவில் இருபது பேரா என்று ஒரு பஞ்சாயத்து. குலுக்கல் என்றால் அப்படித்தான் வரும் என்று விளக்கியபோது, கரண்டி அவள் கையில்தானே இருந்தது என்றார்கள். நாற்பத்து மூன்று பேர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், சாம்பிளில் தங்களையும் சேர்க்கும்படி மனுக் கொடுத்தார்கள். அப்படி ஒரு திட்டமே எங்களிடம் இல்லையே அம்மா என்று அங்கே பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்து சொன்ன சேதி வேறு. கலெக்டர் ஆபீசுக்கே தெரியாத அளவுக்கு இது பெரிய இடத்துத் திட்டமாம்.

பேர் வந்த அறுபது பேருக்குத் தனிக் கவலை. குறைத்து மார்க் போட்டால் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. அதனால் ஜெயசுதா கேள்வித்தாளோடு வாசலில் நிற்கும் முன்பே அஞ்சு என்றார்கள். கேள்வியைக் கேளுங்கள் என்றால், கேளு, அஞ்சு என்றார்கள். காசியம்மாள் பிறந்ததிலிருந்து சலவைத்தூள் வாங்கினதே இல்லை, பார் சோப்புதான். அவளும் நுரைக்கு அஞ்சு, மணத்துக்கு அஞ்சு, பாக்கெட்டின் நிறத்துக்கு அஞ்சு.

"ஆறு கீதா, சுதா? இருந்தா ஆறே போட்டுக்க" என்றாள் காசியம்மாள்.

இருபத்திரண்டாம் எண் பச்சமுத்து ஊரில் இல்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கல்வராயன்மலைக்குப் போயிருந்தார். செல்லமுத்துவின் உத்தரவுப்படி ஜெயசுதா கேள்வித்தாளைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள். வளைவுகளில் ரெண்டு தடவை வாந்தி எடுத்தாள். இறங்கி ஒரு மணி நேரம் விசாரித்து நடந்து, சரிவில் குனிந்து கிழங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தாள். அவர் நிமிராமலேயே பன்னிரண்டு தடவை அஞ்சு சொன்னார். பிறகு நிமிர்ந்து, மாடா வூடா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ என்று கேட்டார்.

இப்படி ஐம்பத்தொன்பது பேர் முடிந்தது. மிச்சம் இருந்த ஒன்று முப்பத்தேழாம் எண். அந்தச் சீட்டைக் கேனிலிருந்து எடுத்துப் பிரித்தபோது ஜெயசுதா பேரை அவசரமாகப் படித்துவிட்டு அடுத்த சீட்டுக்குத் தாவினாள். மணிமொழி, அவளுடைய ஓரகத்தி, தனசேகரனின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டை ரெண்டாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்திருந்தார்கள், பின்பக்கத் தோட்டத்தில் மட்டும் அந்தச் சுவர் மார்பளவோடு நின்றுபோயிருந்தது. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். அண்ணன் தம்பி பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் ஒரே மரத்தில் ஏறுவார்கள். பெண்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் ஒரு பத்திரிகை. ஜெயசுதாவின் பெரிய மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் அடியில் வரவேற்பவர்கள் பேர் முப்பத்தொன்று அச்சாகி வந்தது. மணிமொழியின் புருஷன் பேர் இருந்தது, கொழுந்தன்மார், நாத்தனார்மார், அதற்கு முந்தின வருஷம் கல்யாணமாகி வந்தவள் வரை எல்லார் பேரும் இருந்தது. மணிமொழி பேர் இல்லை. கண்டாச்சிபுரத்து அத்தை சபையில் அதைப் படித்துக் காட்டி, மூத்த மருமவ பேர எங்க காணோம் என்று கேட்டாள். பிரஸ்காரன் விட்டுவிட்டான் என்று ஜெயசுதா சொன்னாள். பேர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தது அவள். வேண்டுமென்று விடவில்லை, மாவு அரைத்துக்கொண்டே எழுதினதில் விட்டுப்போயிற்று. ஆனால் பழியைப் பிரஸ்காரன் மேல் போட்டாளே, அது வேண்டுமென்று செய்தது. அந்த ஒரு பொய்யை ஒன்பது வருஷமாக அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

எனவே முப்பத்தேழுக்கு நேரே 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். அங்கே நிர்மலா என்கிற பெண் ஊருக்கே ஆய்வேடு அடித்துக் கொடுக்கிறவள். ஐம்பத்தொன்பது பேரின் எழுநூற்று எட்டு பதிலையும் ஏற்றிவிட்டுத் தட்டினாள். திரையில் வர வேண்டிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி புள்ளி.

"மெஷின் சரியாத்தான் கீதுக்கா. நீ ஏத்தச் சொன்னதுல ஒண்ணும் இல்ல" என்றாள் நிர்மலா.

செல்லமுத்து தாளை வாங்கிப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஆள் பதில் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. எல்லாரும் அஞ்சு என்றால் திட்டவிலக்கம் பூஜ்யம். பூஜ்யத்தை வைத்து எந்தத் தொடர்பையும் கண்டுபிடிக்க முடியாது, எந்தக் கருதுகோளையும் சோதிக்க முடியாது, அத்தியாயம் நாலு என்று ஒன்று இருக்காது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது, ஒரே ஒரு மனுஷியாவது மாற்றிச் சொல்லியிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், யாராவது பாக்கி இருக்கிறார்களா என்று கேட்டார். ஜெயசுதா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு, ஒருத்தர் பாக்கி சார் என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆண்கள் கொல்லைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின், தோட்டத்துச் சுவரண்டை போய் நின்றாள். அந்தப் பக்கம் மணிமொழி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பேசாதவர்கள் அவசரத்துக்குப் பேசிக்கொள்ள ஒரு வழி உண்டு. தோட்டத்தில் மேய்கிற கோழியிடம் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவர் காதில் அது தானாக விழும். தீ பிடித்தபோதும், மாமியார் செத்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். ஜெயசுதா தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவர்மேல் நின்ற பெட்டைக் கோழியைப் பார்த்து, இது கல்வி நோக்கத்துக்கான ஆய்வு, பதில்கள் ரகசியமாக வைக்கப்படும், விருப்பம் இல்லாவிட்டால் எந்தக் கேள்வியையும் தவிர்க்கலாம் என்று முழுசாகப் படித்தாள். கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது.

மணிமொழி கல்லில் வைத்த துணியை அடிக்காமல் நிறுத்தினாள். சம்மதக் கையெழுத்துக்காக ஜெயசுதா தாளைச் சுவரில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போனாள். மணிமொழி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தாளை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டு, கல்லை மறுபடி அதன்மேல் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போனாள்.

முதல் மூன்று கேள்வி வயசு, படிப்பு, தொழில். நாலாவது, குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர். மணிமொழி ஒரு வேட்டியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள்.

"நாலுன்னு எழுதிக்கச் சொல்லு. நாலு பேருக்குத்தான் ஒலை வெக்கிறன்" என்று கோழியிடம் சொன்னாள்.

அடுத்து சலவைத்தூள். அங்கேதான் ஆய்வுக்கு உயிர் வந்தது. நுரை வருகிறது, நாலு போடு. அழுக்குப் போகவில்லை, ஒன்று. வேட்டிக்கு ரெண்டு, பாவாடைக்கு மூன்று, இதில் எதை எழுதுவது என்று நீயே பார்த்துக்கொள் என்றாள். மணம் பாக்கெட்டைத் திறக்கிறபோது மட்டும் வருகிறது, துணியில் இல்லை, அது ஒன்றுகூட இல்லை. இவளைத் தவிர இந்த ஊரில் எவளும் உண்மையாகத் துணி துவைத்ததில்லை போல என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது. ஏழாவது கேள்வியில் கோழி இறங்கிப் போய்விட்டது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மணிமொழிதான் உள்ளே போய் ஒரு பிடி கம்பு கொண்டுவந்து சுவர்மேல் தூவினாள். கோழி வந்ததும் எட்டாவது கேள்வி.

கடைசிக் கேள்வி எண் இல்லாதது. 'வேறு ஏதேனும் கருத்து கூற விரும்புகிறீர்களா?' ஐம்பத்தொன்பது பேரும் எப்போ குடுப்பாங்க என்று கேட்ட இடம் அது.

"கருத்து ஒண்ணு கீது" என்றாள் மணிமொழி, கம்பு கொத்துகிற கோழியைப் பார்த்தே. "பத்திரிகையில எம்பேர வுட்டது பிரஸ்காரனா, எழுதிக் குடுத்தவளா? ஒம்போது வருசமா கேக்கணும்னு நெனச்சிக்கினு கீறன். அதக் கேட்டுச் சொல்லு."

ஜெயசுதாவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறாள்: பேட்டி எடுப்பவர் தன் கருத்தை வெளியிட்டால் பதிலில் சாய்வு ஏற்படும். சட்டம் சட்டம்தான். அவள் அந்தக் கேள்வியை வரிக்கு வரி அப்படியே எழுதிக்கொண்டு, ஆய்வில் பங்கேற்றதற்கு நன்றி என்று கோழிக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எம்பிஏ படித்த தன் அறிவைத் தானே திட்டிக்கொண்டு அழுதாள். சட்டம் என்பது அப்போது கிடைத்த சாக்கு என்று அவளுக்கே தெரியும்.

நிர்மலா முப்பத்தேழாம் எண்ணை ஏற்றித் தட்டினாள். புள்ளிகள் மறைந்து அட்டவணை அட்டவணையாக எண்கள் கொட்டின. செல்லமுத்து எழுந்தே நின்றுவிட்டார். அத்தியாயம் நாலு வந்தது, ஐந்தும் வந்தது. ஐந்தின் கடைசியில் 'ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆய்வாளர் தன் குறைகளை ஒப்புக்கொள்கிற இடம். காலம் போதவில்லை, ஒரே ஊர், அறுபது பேர்தான் என்று எல்லாரும் எழுதுகிற மூன்றை அவளும் எழுதினாள். பேனாவை மூடினாள். மறுபடி திறந்து நாலாவதாக ஒன்றை எழுதி, இதையும் அடி என்று நிர்மலாவிடம் கொடுத்தாள். நிர்மலா படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடித்தாள்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு புரட்டினார். அம்மா, உங்கள் ஆய்வு முழுக்க ஒரே ஒரு பெண்மணியின் தோளில் நிற்கிறது, அவரை எடுத்துவிட்டால் ஒரு எண்கூட நிற்காது, இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றாள். இதை முடிவு என்று ஊருக்குப் பொதுவாகச் சொல்ல முடியுமா என்றார். முடியாது சார், ஐம்பத்தொன்பது பேர் பட்டியலுக்குப் பயந்து சொன்னது, ஒருத்தர் துணியைப் பார்த்துச் சொன்னது என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றார். நாலாவது வரம்பை உரக்கப் படித்தார்.

"'ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காதுகுத்து அழைப்பிதழுக்கான பெயர்ப் பட்டியலில் எண் 37-இன் பெயரை விட்டவர் அச்சகத்தார் அல்லர், ஆய்வாளரே. இதை அவர் அப்போதே ஒப்புக்கொள்ளவில்லை.' இதுக்கும் சலவைத்தூளுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மாதிரி எடுக்குறதுக்கு முன்னாடி பட்டியல் முழுசா இருக்கணும் சார். ஒரு பேரு வுட்டுப்போனாலும் அதுக்கப்புறம் வர்றது எல்லாம் தப்பாத்தான் வரும்" என்றாள் ஜெயசுதா. "எனக்கு அது இப்பதான் புரிஞ்சிது."

தேர்வாளர் செல்லமுத்துவைப் பார்த்தார். செல்லமுத்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு தேர்வாளர் மார்க் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாழ்த்துகள் என்றார்.

கனத்த அட்டை போட்ட தன் சொந்தப் பிரதியோடு அவள் ஊருக்குத் திரும்பியபோது வெயில் சாயவில்லை. தனசேகரனுக்குக்கூடச் சொல்லாமல் நேரே தோட்டத்துக்குப் போனாள். மணிமொழி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதா கடைசிப் பக்கத்தைத் திறந்து, புத்தகத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு, இந்தத் தடவை பின்னால் போகாமல் அங்கேயே நின்றாள். மணிமொழி வந்து குனிந்து விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். எட்டாவதுவரை படித்தவள், மெதுவாகத்தான் படிப்பாள். நாலாவது வரம்பை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். கம்பு ஞாபகத்தில் கோழி தாவி ஏறிப் புத்தகத்தின் மேலேயே நின்றது. மணிமொழி அதைக் கையால் தள்ளி இறக்கிவிட்டாள்.

"சுதா" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. "எங்க வூட்ல எத்தினி பேருன்னு கேட்ட இல்ல, நாலுன்னு சொன்னன். அது தப்பு. எட்டு. மாத்திக்க."

ஜெயசுதாவின் கண்ணை நீர் மறைத்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒப்படைச்சப்புறம் தரவ மாத்தக் கூடாதுக்கா."

"மாத்தக் கூடாதா? பேனாவக் குடு."

எந்தப் பக்கம் என்று கேட்டு, பின்னிணைப்பில் முப்பத்தேழுக்கு நேரே இருந்த நாலை மணிமொழியே அடித்துவிட்டுப் பக்கத்தில் எட்டு என்று அழுத்தி எழுதினாள். பல்கலைக்கழகத்துக்குப் போன பிரதியில் அது இன்னும் நாலுதான்.